மிரளும் குதிரையும் மலைப்பாதையும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் மலையூர்களை நாடிப் புறப்படுகின்றன. மும்பையிலும் புனேயிலும் வாழ்வோர் மாத்தேரானுக்கும் மகாபலேசுவரத்திற்கும் செல்கின்றனர். தில்லி அன்பர்கள் முசூரிக்கும் நைனிதாலுக்கும் செல்கின்றனர். கொல்கத்தா அன்பர்கள் டார்ஜிலிங்குக்குச் செல்கின்றனர். எங்குச் சென்றாலும் அங்கே ஒரு குதிரை நமக்காகக் காத்து நிற்கிறது. "எனக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும்" என்று குழந்தை அடம் பிடிக்கிறது. தந்தையார் கூலியைக் குறைத்துப் பேசுகிறார். தாயார், "கெட்டியாகப் பிடித்துக்கொள், கண்ணே" என்று பத்து முறை சொல்கிறார். குதிரையின் நிறத்தைப் பார்க்கிறோம், உயரத்தைப் பார்க்கிறோம், கூலியையும் பார்க்கிறோம். ஆனால், "இந்தக் குதிரைக்கு இந்தப் பாதை பழக்கந்தானா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

கேட்கத் தக்க கேள்வி அது ஒன்றே எனலாம். சேணத்தை ஏற்கவும் கடிவாளத்திற்குப் பணியவும் கற்றுவிட்ட குதிரை, பாதைக்குப் பழகிவிட்ட குதிரை ஆகிவிடாது. லாயத்து முற்றத்தில் பசுவைப்போல் சாதுவாக நிற்கும் இளங்குதிரை, வெளியே வந்ததும் காற்றில் எழும்பும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டு நான்கு முழம் பக்கவாட்டில் தாவிவிடக்கூடும். சமவெளியில் அது தாவினால் ஏறியவர் மண்ணில் விழுவார். மலைப்பாதையின் விளிம்பில் தாவினால் நேர்வது என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்குதிரையின் முதுகில் இருப்பது பெரும்பாலும் நம் குழந்தை அன்றோ?

ஆகவே, புதுக் குதிரைக்குத் துணிவு எங்ஙனம் உண்டாகிறது, எதனால் கெடுகிறது என்பதைப் பெற்றோர் ஒருவாறு அறிந்திருத்தல் நலம். குதிரை வளர்ப்போருக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. ஒரு மணி நேரம் ஏறிச் செல்வோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு மலையூரின் பாதை

மாத்தேரானையே சான்றாகக் கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், சகியாத்திரி மலைத்தொடரை ஒட்டி அமைந்த சிற்றூர் அது. மராத்தியில் 'மாத்தா' என்றால் நெற்றி. 'ரான்' என்றால் காடு. மலையின் நெற்றியில் அமைந்த காடு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 1850ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த ஹ்யூ மாலெட் துரை இதனை வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் அமைத்த சிறிய இரயில், 1907ஆம் ஆண்டு முதல் நேரலிலிருந்து மலையேறுகிறது. 2003ஆம் ஆண்டில் நடுவண் அரசு இவ்வூரைச் சுற்றுச்சூழல் காக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவித்தது.

இவ்வூரின் தனிச்சிறப்பு, மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பதாகும். ஆம்புலன்ஸ் போன்ற மிகச் சிலவற்றிற்கே விலக்கு உண்டு. தஸ்தூரி என்னுமிடத்தில் காரை நிறுத்திவிட்டு, அதற்கு மேல் நடந்தோ, இரயிலிலோ, குதிரையிலோ செல்லவேண்டும். மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாக்கள் நெடுங்காலம் இங்கே ஓடின. அவற்றை ஆறு திங்களுக்குள் ஒழிக்குமாறு 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டில் மின்ரிக்‌ஷாக்கள் சோதனையாக ஓடத் தொடங்கின.

இனி, இப்பாதையை ஒரு குதிரையின் கண்கொண்டு பார்ப்போம். ஒருபுறம் இரயிலின் கூவல். மறுபுறம் மரத்திலிருந்து குதிக்கும் குரங்கு. தின்பண்டப் பையைப் பறிகொடுத்த சிறுவனின் கூச்சல். வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் செம்மண் தடம். மழைக்காலத்தில் வழியெங்கும் தேங்கிய நீர். திடீரென விரியும் வண்ணக்குடை. கைப்பேசியை நீட்டிப் படமெடுக்க முன்னால் ஓடிவரும் மனிதர். பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்கும் மின்வண்டி. நமக்கு இவை யாவும் வேடிக்கை. புதுக் குதிரைக்கோ இவற்றுள் ஒவ்வொன்றும், 'இது என்னைக் கொல்லுமோ?' என்னும் வினாவாகும்.

மிரளுதல் குற்றமா?

குதிரை மிரளுவது அதன் குற்றம் அன்று, பிறவி இயல்பு. புல் தின்று வாழும் இப்பிராணிக்குக் கொம்பு இல்லை. கூரிய நகம் இல்லை. பகைவர் கையில் அகப்படாமல் அதனைப் பல நூறாயிரம் ஆண்டுகள் காத்தவை இரண்டு: ஐயம் தோன்றியவுடன் ஓடும் கால்களும், கூட்டத்தை விட்டுப் பிரியாத குணமும். முதலில் ஓடிவிட்டு, பிறகு திரும்பிப் பார்ப்பது குதிரையின் வழி. நின்று ஆராய்ந்த குதிரை புலிக்கு இரையாயிற்று. ஓடிய குதிரையே வழித்தோன்றல்களை விட்டுச் சென்றது.

அதன் கண்ணும் செவியும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. தலையின் இருபக்கங்களிலும் அமைந்த கண்களால் குதிரை ஏறக்குறைய 350 பாகை அளவுக்குத் தன்னைச் சுற்றிலும் காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயுமே சிறிதளவு இடம் அதற்குத் தெரிவதில்லை. பக்கத்தில் ஓர் இலை அசைந்தாலும் கண்டுகொள்ளும் அவ்விலங்கிற்கு, பின்னே வந்து முதுகில் தட்டுபவரைக் காண இயலாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் புகும்போது அதன் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட மிகுந்த நேரம் பிடிக்கும். அடர்ந்த மரநிழலின் வாயிலில் அது தயங்கி நின்றால், அதனைப் பிடிவாதம் என்று கொள்ளுதல் தவறு. கண் தெளியக் காத்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

அச்சத்தை அது மறைப்பதும் இல்லை. தலை உயரும், செவிகள் ஒரே திசையில் விறைக்கும், மூக்குத்துளை விரியும், கண்ணின் வெண்மை தெரியும், உடல் தசைகள் இறுகும். அச்சம் நீங்கியதும் தலை தாழும். செவிகள் தளர்ந்து இருபுறமும் திரும்பும். நீண்ட மூச்சு ஒன்று வெளிப்படும். இவ்விரு நிலைகளையும் பிரித்தறியத் தெரிந்தவரே குதிரையைப் பழக்கத் தக்கவர்.

அடியால் வாராத துணிவு

மிரண்ட குதிரையை அடித்து முன்செலுத்துவது பலர் கையாளும் வழி. அது பயனற்றது மட்டுமன்று, தீங்கும் ஆகும். இவ்வுண்மை புதியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வீரர் செனோபோன், குதிரையேற்றத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இதனைத் தெளிவாக விளக்கியுள்ளார். அஞ்சும் குதிரையை அடித்தால், தன் உடலில் படும் வலி எதிரிலுள்ள பொருளால் வந்தது என்றே அது எண்ணிக்கொள்ளும்; ஆகவே அச்சம் இரட்டிக்கும் என்பது அவர் கருத்து. பொருளை நாமே தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அதனருகே அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவர் காட்டும் வழி. சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பதும் அவர் வற்புறுத்திய அறிவுரையாகும்.

அலெக்சாந்தர் இளமையில் புசெபலஸ் என்னும் குதிரையை அடக்கிய வரலாற்றைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பெரிய வீரர்களும் கைவிட்ட குதிரை அது. அக்குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதை அச்சிறுவன் கண்டுகொண்டான். அதனைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான், தட்டிக் கொடுத்தான், சிறிது தூரம் உடன் நடந்தான், பிறகே ஏறினான். அவன் வெற்றிக்குக் காரணம் வலிமை அன்று. குதிரை எதற்கு அஞ்சுகிறது என்று பார்த்த பார்வையே காரணம்.

சிறுகச் சிறுக

பழைய பெரியோர் பட்டறிவால் கண்டதை இக்கால ஆய்வாளரும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். டென்மார்க்கு நாட்டில் யானே விந்தர் கிறிஸ்டென்சன் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று குறிப்பிடத் தக்கது. பழக்கப்படாத 27 இளங்குதிரைகளை, வெள்ளை நைலான் பை ஒன்றை அசைத்துக் காட்டி அவர்கள் பழக்கினர். ஒரு பிரிவுக்கு எடுத்த எடுப்பிலேயே முழு அச்சமும் காட்டப்பட்டது. மற்றொரு பிரிவுக்குச் சிறு சிறு படிகளாகக் காட்டப்பட்டது. ஒரு படியில் அமைதி கண்ட பின்னரே அடுத்த படிக்குச் சென்றனர். மூன்றாம் பிரிவுக்கு அச்சத்தோடு உணவும் சேர்த்து அளிக்கப்பட்டது.

முடிவு யாது? படிப்படியாகப் பழகிய குதிரைகளே மிகக் குறைவாக வெருண்டோடின. குறைந்த பயிற்சியிலேயே கற்றுக்கொண்டன. அப்பிரிவிலிருந்த குதிரைகள் எல்லாம் தேறின. ஏனைய பிரிவுகளிலோ சில குதிரைகள் இறுதிவரை தேறவில்லை. மெல்லச் சென்றவரே விரைவில் ஊர் போய்ச் சேர்ந்தனர் என்பது இதன் பொருள். மற்றொன்றும் அவ்வாய்வில் தெரிந்தது. வெளித்தோற்றத்தில் குதிரை அமைதியடைந்த பின்னரும் அதன் இதயத்துடிப்பு முழுதும் அடங்கியிருக்கவில்லை. அசையாமல் நிற்கிறது என்பதனாலேயே அச்சம் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது.

இதனை நடைமுறையில் எங்ஙனம் செய்வது? குடையைச் சான்றாகக் கொள்வோம். முதல் நாள், மடக்கிய குடையைக் குதிரை தன் விருப்பம்போல் முகர்ந்து பார்க்கட்டும். அடுத்து, அதனால் கழுத்தையும் தோளையும் மெல்லத் தடவலாம். பிறகு, இருபதடி தொலைவில் ஒருவர் நின்று குடையைப் பாதியளவு விரித்து மடக்கலாம். குதிரை தலையை உயர்த்தினால் அவர் அங்கேயே நிற்கவேண்டும். அது தலையைத் தாழ்த்தியவுடன் குடையை மடக்கிவிடவேண்டும். அச்சப்பொருள் விலகும் அந்த நொடியே குதிரைக்குப் பரிசு. 'நான் அமைதியாயிருந்தால் இது போய்விடும்' என்பதை அது கற்றுக்கொள்கிறது. மாறாக, அது துள்ளிக் குதிக்கும்போது குடையை மடக்கினால், துள்ளினால் அச்சம் நீங்கும் என்னும் பாடத்தையே நாம் கற்பித்தவர்களாவோம்.

ஒரு நாளைக்கு இருபது மணித்துளி போதும். சிறு வெற்றி ஒன்று கிட்டியவுடன் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுவது அறிவுடைமை. "இன்னும் ஒரு முறை" என்னும் ஆசையே பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

மூத்த குதிரையின் துணை

கூட்டமாக வாழும் இயல்புடைய குதிரைக்கு, மற்றொரு குதிரையின் அமைதியைப் போன்ற ஆறுதல் வேறில்லை. முற்கூறிய ஆய்வாளர் குழுவினர் 2008ஆம் ஆண்டில் இதனையும் மெய்ப்பித்தனர். பழகிய, அமைதியான குதிரை ஒன்றைத் துணையாகப் பெற்ற புதுக் குதிரைகள் குறைவாகவே அஞ்சின. வியப்பு என்னவெனில், பின்னர்த் தனியே அதே பொருளைக் கண்டபோதும் அவற்றின் அச்சம் குறைந்தே இருந்தது. துணையிடம் பெற்ற துணிவு, துணை நீங்கிய பின்னும் நிலைத்தது.

ஆகவே, புதுக் குதிரையை முதன்முறை மலைப்பாதைக்குக் கொண்டுசெல்லும்போது முதுகில் எவரும் இருத்தல் கூடாது. மூத்த குதிரை முன்னே நடக்க, புதுக் குதிரையைத் தலைக்கயிற்றில் பிடித்துப் பின்னே நடத்திச் செல்லவேண்டும். சில நாள் கழித்து இரண்டும் பக்கம் பக்கமாகச் செல்லலாம். பிறகு புதுக் குதிரை முன்னே செல்லலாம். அதன் பின்னரே, மூத்த குதிரை கண்ணுக்கு மறையும் வளைவு வரை அதனைத் தனியே நடத்தித் திரும்பவேண்டும். தொலைவை நாள்தோறும் சிறிது கூட்டவேண்டும். இறுதியில்தான் தேர்ந்த ஆள் ஒருவர் ஏறவேண்டும். நம் குழந்தையின் முறை அதற்கும் பல திங்கள் பிறகே வரும்.

வண்டி, நீர், திரும்பும் வழி

ஓடும் வண்டிக்குக் குதிரையைப் பழக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. தன்னைத் துரத்தி வருவதற்கு அஞ்சும் குதிரை, தன்னை விட்டு விலகிச் செல்வதற்கு அஞ்சாது. அதனைத் தானே துரத்துவதாக எண்ணித் துணிவு கொள்ளும். எனவே மின்ரிக்‌ஷாவின் பின்னே, போதிய தொலைவு விட்டு, குதிரையை முதலில் நடத்துவது நன்று. பிறகு நிற்கும் வண்டியின் பக்கமாக, அடுத்து எதிர்ப்படும் வண்டியைக் கடந்து, கடைசியாகப் பின்னிருந்து வரும் வண்டிக்கு வழிவிட்டு எனப் படிகளை அமைத்துக்கொள்ள வேண்டும். பாதை அகன்ற இடத்திலேயே இப்பயிற்சி நடைபெறவேண்டும். ஒதுங்க இடமின்றி நெருக்கப்பட்ட குதிரையே மிகுதியும் ஆபத்தானது.

தேங்கிய நீரும் அத்தகையதே. காலடியில் கிடக்கும் நீரின் ஆழத்தைக் குதிரையால் எளிதில் மதிப்பிட முடியாது. அது கழுத்தைத் தாழ்த்தி முகர்ந்து பார்ப்பதற்கு வேண்டிய அளவு கயிற்றைத் தளர்த்தவேண்டும். மூத்த குதிரை நீரில் இறங்கி நிற்பதைக் கண்டால், புதியதும் ஒரு குளம்பை வைத்துப் பார்க்கும். அந்த ஒரு குளம்பே அன்றைக்குப் போதும்.

பழக்கிய பொருளுக்கே திரும்பும் வழியில் குதிரை மிரளுவதைக் கண்டு, "போகும்போது பேசாமல் போயிற்றே, இப்போது என்ன நடிப்பு?" என்று சிலர் வெகுளுவர். நடிப்பு அன்று அது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகள் விளையாடும் வண்ணச் சாதனம் ஒன்றுக்கு இளங்குதிரைகளைப் பலமுறை நடத்திப் பழக்கினர். பின்னர் அதனைக் கால்வட்டம் திருப்பி வைத்தனர். குதிரைகள் புதியதொரு பொருளைக் கண்டாற்போலவே அஞ்சின. ஆகவே ஒவ்வொரு பாறையையும், கடையையும், கொடிக்கம்பத்தையும் போகும் திசையிலும் வரும் திசையிலும் தனித்தனியே காட்டிப் பழக்கவேண்டும். மாலையில் லாயத்தை நோக்கிக் குதிரையை விரைந்தோட விடுவதும் கூடாது. வீடு நோக்கி ஓடும் பழக்கம் வந்துவிட்டால் பின்னர் நிறுத்துவது அரிது.

ஏறியவரின் நெஞ்சம்

குதிரைக்குத் துணிவூட்ட விரும்புவோர் முதலில் தம் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இதனை விளக்க 2009ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியான ஆய்வு ஒன்று போதும். சிலர் குதிரையைக் கையில் பிடித்தும், சிலர் ஏறியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நான்கு முறை சென்றனர். நான்காம் முறைக்கு முன், "இம்முறை நீங்கள் கடக்கும்போது ஒருவர் குடையை விரிப்பார்" என்று அவர்களிடம் சொல்லி வைத்தனர். மனிதரின் இதயத்துடிப்பு உயர்ந்தது. குதிரையின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. ஆனால் குடையை எவரும் விரிக்கவே இல்லை!

இல்லாத குடைக்குக் குதிரை அஞ்சவில்லை. அஞ்சிய மனிதருக்காக அஞ்சியது. இறுகிய தொடையும், பற்றி இழுத்த வாரும், அடக்கிய மூச்சும் முதுகின் வழியே அதற்குச் செய்தி சொல்லிவிடுகின்றன. எனவே, குதிரை தயங்கும்போது அஞ்சும் பொருளையே உற்று நோக்காமல், செல்லவேண்டிய வழியை நோக்குதல் வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விடவேண்டும். வாரை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தால் சிறைப்பட்டதுபோல் குதிரை மேலும் கலங்கும். கூச்சலிடுதல் அறவே கூடாது. அமைதியான குரலில் எம்மொழியில் பேசினாலும் குதிரைக்கு விளங்கும். அதற்குத் தமிழும் ஒன்றே, மராத்தியும் ஒன்றே.

அச்சமா, நோவா?

மிரளும் குதிரைகளுள் சில உண்மையில் அஞ்சுவதில்லை; நோகின்றன. சேணத்தின் அடியில் புண், தேய்ந்த லாடம், வாயில் கூர்த்த பல் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் குதிரைக்கு ஒவ்வோர் அடியும் துன்பமே. துன்பப்படும் உயிர் துணிவு கொள்ளாது. பயிற்சி தொடங்குமுன் மருத்துவர் பார்ப்பது முதற்படி.

சுமையும் எண்ணத் தக்கது. சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மிகாதிருத்தல் நன்று என்பது குதிரை அறிந்தோர் பலர் கொள்ளும் அளவு. 300 கிலோகிராம் எடையுள்ள மட்டக் குதிரைக்கு இது 60 கிலோகிராம் ஆகிறது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கும் அதற்கு மேலும் சுமந்த குதிரைகளுக்குத் தசை நோவு மிகுந்தது தெரியவந்தது. குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் வாளாவிருக்கவில்லை. விலங்குகளை அடித்தலும், மிகைச்சுமை ஏற்றலும், அளவின்றி ஓட்டுதலும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அதன்கீழ் 1965ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், மட்டக் குதிரைக்கு ஏற்றும் பொதி 70 கிலோகிராமுக்கு மிகலாகாது என்கின்றன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையே ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் விலங்கை வேலை வாங்கலாகாது என்கின்றன. முள் பதித்த கடிவாளத்தையும் கோலையும் அவ்விதிகள் விலக்குகின்றன.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் குதிரைக்காரர் கடமை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒரு குதிரையைப் பொறுமையாகப் பழக்கும் திங்கள்களில் அதனால் அவருக்கு ஒரு காசும் வருவதில்லை. தீனிச் செலவு மட்டும் குறையாமல் நிற்கும். மழைக்காலத்தில் வருவோர் தொகையும் சுருங்கிவிடும். அந்நிலையில் நாம் கூலியை அடிமட்டத்திற்குப் பேசி, "சீக்கிரம், இரயிலுக்கு நேரமாயிற்று" என்று விரட்டினால், அரைகுறையாகப் பழகிய குதிரையையும் அவர் பாதைக்குக் கொண்டுவரத்தான் செய்வார். அக்குதிரை ஒருநாள் எவரையேனும் தள்ளிவிட்டால், 'கெட்ட குதிரை' என்னும் பெயர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். பெயர் கெட்ட குதிரைக்குத் தீனி போட ஏழைக் குதிரைக்காரரால் இயலாது. குழந்தைக்குக் காயம், குதிரைக்குப் பழி, குடும்பத்திற்குப் பட்டினி என மூன்றும் அவசரம் என்னும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

எனவே, அடுத்த முறை மலையேறும் அன்பர்கள் சிலவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். குழந்தையை ஏற்றுமுன், "இது எத்தனை நாளாக இந்த வழியில் வருகிறது?" என்று கேளுங்கள். புதியது என்று அவர் உண்மை சொன்னால் அதற்காக அவரைப் பாராட்டி, பழகிய குதிரைக்குக் காத்திருங்கள். குழந்தைக்குத் தலைக்கவசம் அணிவியுங்கள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் நிற்கட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும். பருத்த உடலினர் சிறு மட்டக் குதிரையில் ஏறாதிருத்தல் நலம். குதிரையின் பின்புறமாக அணுகாதீர்கள். தோளுக்கு நேரே, அது காணும்படி பேசிக்கொண்டே வாருங்கள். அதன் அருகில் குடையை விரிப்பதும், பிளாஸ்டிக் பையை உதறுவதும், படமெடுக்க முன்னே பாய்வதும் வேண்டா. குதிரை நின்றால், "அடியுங்கள்" என்று சொல்லாதீர்கள். "பார்க்கட்டும், காத்திருப்போம்" என்று சொல்லுங்கள். நம் வாயிலிருந்து அச்சொல் வருமானால், சாட்டையை ஓங்கிய கை தானே தாழும்.

துணிவை எவரும் எவருக்கும் அள்ளிக் கொடுத்துவிட முடியாது. அஞ்சியதை அருகில் நின்று பார்க்கவும், தீங்கின்றித் திரும்பவும், மறுநாள் மீண்டும் பார்க்கவும் வாய்ப்பளிப்பதே நம்மால் இயல்வது. பிறமொழி வழங்கும் ஊரில், அறியாத முகங்களுக்கு இடையே முதன்முதல் வகுப்பறையில் அமர்ந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். அவர்களை அதட்டித் தேற்றியவர் எவரும் இலர்; பக்கத்து இருக்கையில் ஒரு நல்ல தோழனும், பொறுமையான ஓர் ஆசிரியரும் வாய்த்தபோதே அவர்கள் வாய் திறந்தனர். மலைப்பாதையில் நம் பிள்ளையைச் சுமந்து நிற்கும் வாயில்லா உயிருக்கும் அதே பொறுமையை ஒரு கால்மணி நேரம் அளிப்போமாக. இரயில் போனால் அடுத்த இரயில் வரும்.